பனிக்காலத்து எண்ணெய்

எண்பதுகளின் கடைசியில் என் கணவர் ஒரு புது மோட்டார் சைக்கிள் வாங்கினார். நூறு சி.சி. வண்டி. அதுவரை எங்கள் மலையில் ஓடிய வண்டிகள் இரண்டே வகை. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றினால் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு போகும் வண்டிகள் ஒன்று. எஸ்டேட் முதலாளிகள் வைத்திருந்த, தூரத்திலிருந்தே நெஞ்சில் இடிக்கிற கனத்த வண்டிகள் இன்னொன்று. இது இரண்டிலும் சேரவில்லை. பெட்ரோலுக்குத் தனி இடம், எண்ணெய்க்கு எஞ்சினுக்குள்ளேயே தனி இடம். சத்தமே இல்லை. நாகலூரைத் தாண்டி ஒரு காப்பி எஸ்டேட்டின் ஓரத்தில் எங்கள் வீடு. காலையில் அவர் கரடியூர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, வண்டி போய்விட்டதா இன்னும் வாசலில் நிற்கிறதா என்று சமையலறையிலிருந்து எனக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தால் சவுக்கு மரங்களுக்கு நடுவே பனி மட்டும் லேசாகக் கலைந்திருக்கும். அதை வைத்துத்தான் போய்விட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

நான் அப்போது கிராம நர்ஸ். நாகலூரிலிருந்து தடுப்பூசிப் பெட்டியை வாங்கிக்கொண்டு வாழவந்திப் பக்கத்துச் சிற்றூர்களுக்குப் போவது என் வேலை. புதன்கிழமை தடுப்பூசி நாள். பெட்டிக்குள் ஐஸ் கட்டிகள் இருக்கும். அவை கரைவதற்குள் எல்லா ஊரையும் முடித்துத் திரும்ப வேண்டும். புதன்கிழமைகளில் மட்டும் அவர் என்னை வாழவந்தியில் இறக்கிவிட்டுப் பிறகு பள்ளிக்கூடம் போவார். மீதி ஊர்களுக்கு நடைதான்.

வண்டி வாங்கிய மறுவருடம், ஐப்பசி மழையில் வீட்டுக் கூரைத் தகடு ஒன்று காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. அதன்மேல் கல் வைக்க ஏறியவர் பாசியில் வழுக்கிக் கீழே விழுந்தார். வலது கால், முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. சேலத்தில் மாவுக்கட்டுப் போட்டு, மூன்று மாதம் காலை ஊன்றக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு அவரைப் படுக்கவைத்தேன். வண்டி வாசலில் சும்மா நின்றது. சாயங்காலம் கோழிகள் அதன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தன.

இரண்டு புதன்கிழமை பஸ்ஸிலும் நடையிலுமாகச் சமாளித்தேன். இரண்டாவது வாரம் கடைசி ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. ஊசி போடாமல் திரும்பினேன். அன்று சாயங்காலம் அவர் கட்டிலில் இருந்தபடியே சொன்னார்.

"அம்மிணி, நீயே வண்டிய ஓட்டிப் பாரேன்."

"ஏனுங்க, விளையாடறீங்களா?"

"ஆத்தூர்ல சைக்கிள் ஓட்டினவதான நீ. அதேதான் இது. கூட ஒரு கிளட்ச். அவ்வளவுதான்."

எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயப்போடும் களம் அந்த மாதத்தில் காலியாக இருந்தது. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கேட்டுக்கொண்டு அங்கே போனோம். எஸ்டேட் ஆட்கள் இருவரும் நானுமாக அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் களத்தின் நடுவில் உட்காரவைத்து, கட்டுப் போட்ட காலுக்குக் கீழே ஒரு சாக்கு மூட்டையை வைத்தோம். அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சேலைக்குள் அவருடைய பழைய பேண்ட்டைப் போட்டு, கொசுவத்தை உயர்த்திச் செருகியிருந்தேன். களை எடுக்க வந்த பெண்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மேகம் களத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. நாற்காலியும் தெரியவில்லை, அவரும் தெரியவில்லை. "கியர மாத்து" என்ற குரல் மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் குரலைச் சுற்றியே ஓட்டினேன். அன்றைக்குத்தான் எனக்கு வண்டி வசப்பட்டது. பிறகு சேலம் போய், எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸும் எடுத்தேன்.

கார்த்திகை மாதம் அவர் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துவரச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கறுத்துப்போச்சு. மாத்திரலாம்" என்றார். அதுவரை வண்டி வாங்கிய இடத்திலேயே சேலத்தில் மாற்றிக்கொண்டிருந்தார். நான் ஏற்காட்டில் ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். எஸ்டேட்டுகளின் கனத்த வண்டிகளையெல்லாம் கவனித்து வந்த மெக்கானிக் அவர். நல்ல கை என்று பெயர்.

"எந்த எண்ணெய் ஊத்தறீங்க?" என்று கேட்டேன்.

"அம்பது நம்பருங்க. கெட்டியா இருக்கும். மலை ஏறற வண்டிக்குக் கெட்டி எண்ணெய்தானுங்க காப்பு."

நம்பினேன். கெட்டியாகக் கஞ்சி குடித்தால் உடம்பு தேறும் என்று பிள்ளை பெற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். எஞ்சினுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. மிச்ச எண்ணெயை ஒரு பாட்டிலில் கொடுத்தார். வெயிலில் தேன் நிறமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்தேன்.

மார்கழி பிறந்ததும் வண்டி மாறத் தொடங்கியது. காலையில் உதைக்கும் கம்பி கனத்தது. காலை வைத்து அழுத்தினால் சேற்றில் மிதிப்பதுபோல மெதுவாக இறங்கும். மூன்று உதை, ஐந்து உதை என்று ஏறிக்கொண்டே போனது. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஏழு" என்பார் ஜன்னல் வழியாக.

"நேத்து?"

"அஞ்சு."

அந்தக் காலை நேரங்கள் இப்போதும் எனக்குப் பாதித் தூக்கத்தில் நடந்தவை மாதிரிதான் நினைவிருக்கின்றன. ஜன்னல் இடுக்கு வழியாகப் பனி வீட்டுக்குள் வந்து கட்டில் காலைச் சுற்றி நிற்கும். ஓடைப் பக்கம் ஒரு கருநீலக் குருவி விசிலடிக்கும். மனிதன் அடிக்கிற விசில்தான். பாட்டு பாதியில் மறந்துபோனவன் மாதிரி நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். நான் உதைத்துவிட்டு நிற்பேன். குருவி விசிலடிக்கும். மறுபடி உதைப்பேன். ஜன்னலுக்குள்ளிருந்து ஓர் எண் வரும். எங்கள் மூன்று பேரைத் தவிர இந்த மலையில் யாரும் எழுந்திருக்கவில்லை என்று தோன்றும்.

மார்கழியில் ஒரு புதன்கிழமை. வாழவந்தியை முடித்துவிட்டு அதற்கு மேலே இருந்த ஒரு சிற்றூருக்குப் போனேன். பத்துப் பதினைந்து வீடுகள். தினையும் சாமையும் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள், கொல்லையில் கொஞ்சம் காப்பிச் செடி. பலா மரத்தடியில் பாயை விரித்துக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தும் ஊசியும் கொடுத்து முடிக்க இரண்டு மணி நேரமானது. பதினோரு மணிக்கும் பனி விலகவில்லை. ஈரப் புல்லில் நின்றிருந்த வண்டியை வந்து உதைத்தேன். கம்பி இறங்கவே இல்லை. உடம்பு முழுவதும் பாரம் கொடுத்து மிதித்தால் மெல்ல இறங்கி, ஒரு பெருமூச்சோடு நின்றது. இருபது முறைக்கு மேல் உதைத்திருப்பேன். இன்னும் இரண்டு ஊர்கள் பாக்கி. அதில் ஒன்று, முன்பு நான் ஐஸ் கரைந்து திரும்பிய ஊர். அங்கே ஒரு பெண் கைக்குழந்தையோடு பாதையிலேயே காத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அப்படித் தொட்டால் உள்ளே ஐஸ் இருக்கிறதா என்று தெரியாது. ஆனாலும் தொட்டுப் பார்த்தேன்.

அப்போதுதான் தன் குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டு போன ஓர் இளம்பெண் திரும்பி வந்தாள். அதட்டலாகப் பேசுகிறவள்.

"ஏனுங்க நர்சம்மா, வண்டிக்குக் காச்சலா?"

"குளிருல உறைஞ்சுபோச்சு கண்ணு. உதைக்க முடியல."

"தள்ளினா போகுமா?"

"போகும். ஒரு ஆளு தள்ளினா பத்தாது."

அவள் தன் குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். வீடுகளைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். ஐந்து பெண்கள் வந்தார்கள். ஊசி போட்ட தொடையோடு அழுதுகொண்டிருந்த குழந்தைகளை மற்றவர்களிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் பின்னால் கூடினார்கள்.

"நீங்க ஏறி உக்காருங்க நர்சம்மா. பெட்டியப் பத்தரமா வெச்சுக்குங்க. நாங்க பாத்துக்கறோம்."

இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். செம்மண் பாதை கொஞ்சம் சரிவானது. அவர்கள் தள்ளினார்கள். முதலில் நடந்தார்கள். பிறகு ஓடினார்கள். வளையல் சத்தமும் மூச்சிரைப்பும் என் முதுகுக்குப் பின்னால் கேட்டன. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு சுவர், அதற்குள் நான் போய்க்கொண்டே இருந்தேன். "இப்ப விடுங்க" என்று யாரோ சொன்னார்கள். கிளட்சை விட்டேன். வண்டி ஒரு முறை குலுங்கி, இருமி, பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்ற பயத்தில் நிற்காமல் போனேன். திரும்பி நன்றி சொல்லவில்லை. பின்னால் அவர்கள் சிரிக்கிற சத்தம் பனிக்குள் வெகுதூரம் என்னோடு வந்தது. ஆட்களைப் பார்க்க முடியவில்லை.

மீதி இரண்டு ஊர்களிலும் எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டபடியே ஊசி போட்டேன். பாதையில் காத்திருந்த பெண்ணின் குழந்தை ஊசி போட்டும் அழவில்லை. தடதடத்துக்கொண்டிருந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் அவர் முதலில் சிரித்தார். பிறகு கூரையைப் பார்த்தபடி யோசித்தார்.

"போன வருசமும் இதே பனிதான். வண்டி ஒழுங்காத்தான் இருந்துச்சு" என்றார். "எண்ணெயில ஏதோ இருக்குதம்மிணி."

அலமாரியில் இருந்த ஐம்பது நம்பர் எண்ணெயை எடுத்தேன். முன்பு சேலத்தில் எண்ணெய் மாற்றியபோது மிச்சத்தோடு கொடுத்த டப்பா ஒன்று பரணில் கிடந்தது. பெயர்த்தாள் கிழிந்து போயிருந்தது. அடியில் கொஞ்சம் எண்ணெய் மட்டும் இருந்தது. என் பையில் காலி மருந்துக் குப்பிகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு எண்ணெயைப் பாதியளவு ஊற்றி, ரப்பர் மூடியை அழுத்தி, நூல் கட்டி ஜன்னல் கம்பியில் வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டேன். அந்தி வெளிச்சத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

காலையில் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டையும் ஒன்றாகச் சாய்த்தார். பழைய டப்பாவின் எண்ணெய் உடனே கண்ணாடி ஓரமாக வழிந்து ஓடியது. ஐம்பது நம்பர் அசையவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் மெதுவாக ஊர்ந்தது. அது முழுக்கச் சாய்ந்து முடிக்கிறவரை பார்த்தோம்.

"இதப் போய்த்தான் தெனமும் நீ உதைச்சுக்கிட்டு இருந்திருக்கற" என்றார்.

இளக்கமான எண்ணெய்தான் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு இளக்கம், அதற்கு என்ன நம்பர் என்று தெரியவில்லை. வண்டியோடு கொடுத்த புத்தகம் கூரை ஒழுகியபோது நனைந்து கூழாகியிருந்தது. வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். உள்பக்கம் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. சேறும் எண்ணெயும் படிந்து எழுத்து தெரியவில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, புண்ணைத் துடைப்பதுபோல ஓரத்திலிருந்து மெதுவாகத் துடைத்துக்கொண்டே வந்தேன். முதலில் ஒரு பூஜ்யம் தெரிந்தது. பிறகு ஓர் எழுத்து. கடைசியில் முழு வரியும் வந்தது. இருபது டபிள்யூ நாற்பது, தொள்ளாயிரம் மில்லி.

"டபிள்யூன்னா என்னங்க?"

"வாட்டர், தண்ணியா இருக்குமோ? இல்ல, வெயிட்டு, எடையா?" அவர் இங்கிலீஷ் பாடமும் எடுப்பவர். அவருக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் சேலம் போனேன். எண்ணெய்க் கடைகள் வரிசையாக இருந்த தெருவில் ஒரு கடையில் ஏறி, தாளில் எழுதிக்கொண்டு போனதைக் காட்டினேன். கடைக்காரர் தாளைப் பார்க்காமல் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"வண்டிக்காரர அனுப்புங்கம்மா. அவருகிட்டச் சொல்லித் தர்றேன்."

"நான்தானுங்க ஓட்டறேன்."

"மலையிலயா?"

"மலையிலதானுங்க."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு நான்கைந்து டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தார். மருந்துக் குப்பி வாங்கினால் நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படியே ஒவ்வொன்றையும் திருப்பிப் படித்தேன். பெட்ரோலில் கலக்கிறது ஒன்று, லாரிக்கு ஊற்றுகிறது ஒன்று, முப்பது, நாற்பது என்று ஒற்றை நம்பர் போட்டது சில. கடைசி டப்பாவில் அந்த இரட்டை நம்பர் இருந்தது, நடுவில் அந்த எழுத்தோடு.

"இந்த எழுத்து எதுக்குங்க?"

"எழுத்துங்க அது. கம்பெனிக்காரங்க போட்டிருப்பாங்க" என்றார். பிறகு, "நொம்ப இளக்கமா இருக்குமுங்க இது. மே மாசம் சேலத்து வெயிலுக்குத் தாங்குமான்னு பாத்துக்குங்க" என்றும் சேர்த்துச் சொன்னார். அக்கறையாகத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் நானே எண்ணெய் மாற்றினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வழி சொன்னார். முதலில் எஸ்டேட் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்து எஞ்சினைச் சூடாக்கினேன். அடித் திருகைக் கழற்றியதும் ஐம்பது நம்பர் பேசினில் கயிறாக இறங்கியது. கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்தோம். புது எண்ணெயை அளவுக் குவளையில் தொள்ளாயிரம் மில்லிக்குக் கண்ணை நேராக வைத்துப் பார்த்து ஊற்றினேன். மறுநாள் விடியலில் வாசலுக்கு வந்தபோது பனியில் வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. மிதித்தேன். கம்பி இலகுவாக இறங்கியது. இரண்டாவது மிதியில் எஞ்சின் முனகிப் பிடித்துக்கொண்டது. ஜன்னலில் இருந்து "ரெண்டு" என்றார். குரலில் தூக்கம் இருந்தது. அதற்குப் பிறகு அவர் எண்ணவில்லை.

அந்த வாரமே ஏற்காடு மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். சண்டை போடப் போகவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"எஸ்டேட் வண்டிக்கெல்லாம் அதுதானுங்க சரி. இந்தச் சின்ன எஞ்சினு எனக்குப் பழக்கமில்லீங்க" என்றார். சாக்பீஸை எடுத்துப் பட்டறைச் சுவரில் அந்த நம்பரை என்னைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

டபிள்யூ மட்டும் பாக்கி இருந்தது. எண்ணெய் டப்பாவில் இருந்த முகவரிக்கு என் கணவர் தன் அழகான கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதினார். பதில் வருமென்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மாசி கடைசியில் ஒரு நீளமான உறை வந்தது. தட்டச்சு செய்த ஒரே பக்கம். அவர் மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் ஊன்றுகோலோடு நின்றபடி எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். அந்த எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கிறது. முதல் எண், குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண், சூட்டில் எவ்வளவு தாங்கும் என்பதற்கு. ஒரே எண்ணெய் இரண்டுக்கும் உதவும்படி செய்திருக்கிறார்கள்.

"அப்ப நம்ம மலையும் இருக்குது, சேலமும் இருக்குது" என்றேன்.

"ரெண்டும் ஒரே டப்பாவுல" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்தார்.

மாவுக்கட்டைத் தையிலேயே பிரித்திருந்தார்கள். வலது கால் சூம்பிப்போயிருந்தது. நடக்கலாம், ஆனால் வண்டியை உதைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பங்குனியில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது, நான் முன்னால் உட்கார்ந்தேன், அவர் பின்னால் ஏறினார். எங்கே பிடித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்தார். ஒரு வளைவில் தடுமாறியதும் என் தோளைப் பிடித்தார். பிறகு கையை எடுக்கவில்லை. கரடியூரில் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டபோது மற்ற வாத்தியார்கள் வராந்தாவில் வந்து நின்றார்கள். அவர் யாரையும் பார்க்காமல் என்னிடம், "சாயங்காலம் நாலரைக்கு வந்துரு அம்மிணி" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

அடுத்த வருடம் அவர் கால் நன்றாகத் தேறிவிட்டது. விறகு பிளந்தார், களத்தில் பந்துகூட விளையாடினார். வண்டிச் சாவியை மட்டும் என்னிடம் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

சித்திரையில் ஒரு நாள் அவரை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். ஒன்பது பத்து நாளுக்கு முன்னால் நல்ல மழை பெய்திருந்தது. எஸ்டேட் வளைவில் திரும்பியதும் இரண்டு பக்கமும் காப்பிச் செடிகள் ஒரே வெள்ளையாகப் பூத்திருந்தன. மல்லிகை வாசனைதான், ஆனால் அதைவிடக் கனமாக, தொண்டைக்குள் இறங்குகிற வாசனை. அங்கிருந்து பாதை இறக்கம்.

"எஞ்சின நிறுத்து" என்றார் காதருகில்.

நிறுத்தினேன். வண்டி தானாக உருண்டு இறங்கியது. டயர் மண்ணில் உரசுகிற சத்தமும் தேனீக்களின் சத்தமும் மட்டும் கேட்டன.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுங்க" என்றேன்.

"ஆகட்டும்" என்றார்.

பூக்களுக்கு நடுவே வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நான் பிரேக்கைத் தொடவில்லை.